பெருக்கி அள்ளிய பேச்சு

பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டி நேரம் சொல்பவளின் வீட்டில், மகளிடம் பேசிய பேச்சு எதுவும் காற்றோடு போகவில்லை. தரையில் விழுந்து கிடந்தது. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. முதலில் விழுந்தது ‘இங்க பாரு கண்ணு’ என்ற கொஞ்சல். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில், தொட்டால் சில்லென்று இருக்கும் ஒரு மணி. மைக்கம்மா என்று ஊரே கூப்பிடும் அந்தத் தாய் அதை ஏதோ பூச்சி முட்டை என்று நினைத்து விளக்குமாற்றால் தள்ளப் போனாள். குதிகாலில் மிதிபட்டதும் அது அவள் குரலிலேயே, அதே கொஞ்சலோடு, ‘இங்க பாரு கண்ணு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பொடியாகிப் போனது. அன்று மாலைக்குள் அடுப்படியிலிருந்து வாசல்வரை மணிகள் சிதறிக் கிடந்தன. புருஷனிடம் பேசியவை விழவில்லை, பால்காரரிடம் பேசியவை விழவில்லை, மகளிடம் பேசியவை மட்டும் விழுந்தன. மேல்மாடிக்காரி எட்டிப் பார்த்து, எங்க வீட்ல கரப்பான், உங்க வீட்ல இது என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

காது மருத்துவர் குழந்தைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினார், மணி அடித்தார், கடைசியில் நெற்றியில் ஒயர்களை ஒட்டி ஒரு மெஷினைப் பார்த்தார். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்றார். தரையில் விழுந்தவற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தார்கள், அதையும் காட்டினார்கள். போய்ச் சேராத பேச்சு எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும், ஆனால் அது என் துறை இல்லை என்று சொல்லி அவர் கை கழுவப் போய்விட்டார். குழந்தையின் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தவர். அவர் மருத்துவமனை மாடிப்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மைக்கம்மாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தகரக் கூரையில் மழை அடித்து ஊற்றும்போதுகூட அவள் சொன்னது ஓர் எழுத்து பிசகாமல் கடைசி பெஞ்சுவரை போய்ச் சேரும். காது மந்தமான கிழவர்கள்கூட அவள் குரலை நம்பித்தான் வண்டி ஏறினார்கள். ஊருக்கே போய்ச் சேருகிற குரல் பெற்ற மகளுக்குப் போய்ச் சேராதா, ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள். மகளுக்குக் காது கேட்கவில்லை என்பதை, தான் இன்னும் தெளிவாகப் பேசவில்லை என்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். அந்த வேலையில் இருக்கிற ஒருத்திக்குத்தான் அப்படி ஒரு புத்தி போகும்.

பேச்சு டீச்சர் ஒருத்தி கிடைத்தாள். கறாரான பெண், ஆனால் கெட்டவள் இல்லை. குழந்தையின் உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, ‘ப’ என்றால் காகிதம் ஆட வேண்டும் என்பாள். குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து, ‘ம’ என்றால் இப்படி அதிரும் என்று காட்டுவாள். அவள் போட்ட முதல் சட்டம், வீட்டில் யாரும் கையை அசைத்துப் பேசக் கூடாது. “கைய பாத்து பழகிட்டா அவ உங்க வாய பாக்கவே மாட்டாம்மா. கைய மறந்துடுங்க. பேசுங்க, பேசிட்டே இருங்க, பேச்சால அவள குளிப்பாட்டுங்க” என்றாள். மைக்கம்மா அன்றிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பேசினாள். காலையில் கண் விழித்தால் அறிவிப்புத் தொடங்கிவிடும். இப்போது நாம் பல் தேய்க்கிறோம். இப்போது பால் கொதிக்கிறது, பால், வெள்ளைப் பால். எதையும் மூன்று தடவை சொன்னாள், நிலையத்தில் சொல்கிற மாதிரியே. மணிகள் மழையாகக் கொட்டின. சாயங்காலம் முறத்தால் அள்ளி வாளியில் நிரப்பித் தெருமுனைத் தொட்டியில் கொட்டுவாள். காலையில் குப்பை லாரி வந்து அதை வாயில் போட்டு அரைக்கும்போது, ‘வாயப் பாரு, வாயப் பாரு, அம்மா வாயப் பாரு’ என்று தெரு முழுக்க அவள் குரல் கேட்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அதைச் சொல்லி விளையாடினார்கள், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

மாதம் ஒரு தடவை, காது கேட்காத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஓர் ஆலோசகர் நின்று, மூச்சை உள்ளே இழுங்கள், கவலையை வெளியே விடுங்கள் என்பார். குழந்தைக்கு முன்னால் அழக் கூடாது, எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், மனவலிமைதான் மருந்து என்பார். மற்றத் தாய்மார்கள் மூச்சை இழுத்துக்கொண்டே அழுதார்கள். மைக்கம்மா மட்டும் அழவில்லை என்பதால் அவளை எழுப்பி நிறுத்தி மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து மைக்கையே அவளிடம் கொடுத்துவிட்டார்கள். விடாதீங்க, ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீங்க என்று அவள் கணீரென்று பேசினாள். ஒரு தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களைப் பார்த்தால்தான் தெம்பு வருகிறது என்றார். அந்தக் கூடத்தின் மூலையில் அவளுடைய மகள் ஒரு மின்விசிறியின் கம்பத்தில் கன்னத்தை வைத்து அது நடுங்குவதை ரசித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்போது யாரும் பார்க்கவில்லை, தெம்பு வாங்கிக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்கள்.

கையை அசைக்கக் கூடாது என்ற சட்டத்துக்கு நடுவிலும் மைக்கம்மாவின் கை ஒரே ஓர் அசைவை மட்டும் விடாமல் செய்தது. அது அவளுக்கே தெரியாது. உறவுக்காரர்கள் வந்து எல்லோருமாக உட்கார்ந்து பேசிச் சிரிக்கும்போது, மகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்து முகத்தை நிமிர்த்துவாள். என்ன, ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்கிற முகம். மைக்கம்மா உள்ளங்கையை விரித்து ஒரு தடவை ஆட்டி, “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்பாள். நாத்தனார் சொன்ன நகைச்சுவையை, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போன கதையை, தாத்தா இறந்த செய்தியை, எல்லாவற்றையும் அந்த ஒரு கையாட்டலில் முடித்தாள். எப்போதும் அப்புறம்தான். அந்த அப்புறம் வரவேயில்லை. பெருக்கி அள்ளியவற்றில் ‘ஒண்ணுமில்ல’தான் அதிகம். நுனிக்காலால் தொட்டாலே உடைந்துபோகிற மெல்லிய மணி அது.

மோட்டார்காரரின் பட்டறையில் வேறு சட்டம் நடந்தது. அங்கே கடைசல் மெஷின் போடுகிற சத்தத்தில் எந்த ஆளும் எந்த ஆளிடமும் வாயால் பேச முடியாது. ஸ்பேனர் வேண்டுமென்றால் ஒரு சைகை, தேநீர் வந்துவிட்டதென்றால் ஒரு சைகை, முதலாளி சிடுமூஞ்சியாக இருக்கிறார் என்றால் அதற்கும் ஒன்று. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகளை அவர் கூட்டிக்கொண்டு போனார். ஓடுகிற மோட்டார்மேல் அவள் கையை வைத்து, நல்ல பேரிங் எப்படி அதிரும், தேய்ந்த பேரிங் எப்படி அதிரும் என்று காட்டினார். பட்டறைச் சைகைகள் பத்தாமல் போனபோது இருவரும் புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள். நேற்று என்பதற்கு ஒன்று, நாளை என்பதற்கு ஒன்று, ஏன் என்பதற்கு ஒன்று. அந்த ‘ஏன்’ வந்தபிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு பேரும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு திருடர்கள் மாதிரி உள்ளே நுழைவார்கள்.

மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, புருஷன் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மைக்கம்மா பட்டறைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் ஒரு டிரம்மின்மேல் ஏறி நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கைகள் பறந்தன, புருவம் ஏறி இறங்கியது, பட்டறை ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எந்தக் கதை என்பது மைக்கம்மாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. மகள் கையில் மைக் இருப்பதுபோல வாயருகே பிடித்து, கண்ணை உருட்டி, உதட்டை ரப்பர் மாதிரி இழுத்து இழுத்து மூன்று தடவை ஏதோ சொன்னாள். அப்புறம் இரண்டு கைகளையும் பின்பக்கத்துக்கு அடியில் செருகிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் மகள் வாயிலிருந்து அவள் பிடுங்கி எடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள், அவையும் அவளைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. இங்கே அந்தப் பெண் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவமானத்தைவிடப் பொறாமைதான் மைக்கம்மாவை அதிகம் சுட்டது. பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு யாரையும் கூப்பிடாமல் திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலமே மகளுடைய சட்டைகளை எல்லாம் எடுத்துவைத்து, கைப்பகுதியில் நீளமாகத் துணியை ஒட்டுப்போட்டு, முனைகளைத் தையல் மெஷினில் வைத்து மூடித் தைத்தாள். கை உள்ளே இருக்கும், விரல் வெளியே வராது. சாப்பிட மட்டும் ஒரு பக்கத்தைச் சுருட்டிவிடுவாள். மோட்டார்காரர் அன்றைக்கு அவளிடம் சண்டை போட்ட மாதிரி அதற்கு முன்னாலும் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை. “கோழிக்கு கால கட்டுற மாதிரி புள்ள கைய கட்டுறியே, உனக்கு மனசு வருதா?” என்றார். “நாளைக்கு நீங்க செத்தா அவ யார்கிட்ட கைய ஆட்டுவா? கடக்காரன்கிட்டயா? கண்டக்டர்கிட்டயா? ஊரு வாயாலதாங்க பேசுது” என்றாள் அவள். அதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை.  மறுநாளிலிருந்து அவர் காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் பிளேடால் தையலைப் பிரித்துவிட்டு, மாலையில் திரும்பும்போது ஒரு மரத்தடியில் நின்று ஊசியால் மறுபடி தைத்து அழைத்துவருவார். செம்புக் கம்பியைச் சுற்றிப் பழகிய கை, தையல் கோணல்மாணலாக இருக்கும். மைக்கம்மாவுக்குத் தன் தையல் எது, அது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். பிரித்துப் பிரித்து அவள் மறுபடி மெஷினில் ஓட்டினாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த மாதக் கூட்டத்தில், உறுதியாக இருப்பது எப்படி என்று அவள் பேசியதற்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

காது கேட்காத பிள்ளையிடம் ஓர் ஆயுதம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் போதும், எதிரில் இருப்பவர் வாயை அடைத்த மாதிரிதான். ஒரு மத்தியானம், ‘ம’வையும் ‘ப’வையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மைக்கம்மா தோளைத் தட்டினாள், தாடையைப் பிடித்து உலுக்கினாள், இமையை விரலால் பிரித்தாள். பிள்ளை திறக்கவில்லை. அவளுக்குள் என்னவோ அறுந்தது. “நீ எனக்கு பொறக்காமலே இருந்திருக்கலாம்டி!” என்று கத்தினாள். கத்தியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. மற்றவற்றைவிடப் பெரியது, பட்டாணி அளவு இருக்கும். உருண்டு, மரச்சாமான்களுக்கு நடுவில் எங்கோ போய் மறைந்தது. அவள் மண்டியிட்டுத் தேடினாள், அலமாரியை நகர்த்தினாள், கட்டிலைத் தூக்கினாள். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி போனது. புருஷன் வீட்டுக்குள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவள் கண் அவர் காலடியிலேயே இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்காதீங்க, அங்கே போகாதீங்க, ஈரமாக இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தடுப்பாள். நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட, இந்நேரம் அது யார் காலிலாவது பட்டிருக்குமோ என்று எண்ணம் ஓடும். தெற்கே போகும் வண்டியை வடக்கே என்று அவள் சொன்னது அந்த நாட்களில்தான்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த மணிகளின் ருசி மகளுக்குத் தெரியும். வெறுங்காலால் மிதித்தால் உள்ளங்காலில் சுரீரென்று ஓர் அதிர்வு ஏறும். கொஞ்சலுக்கு லேசாக ஏறும், பாடத்துக்கு மந்தமாக ஏறும், திட்டுக்குத்தான் முழங்கால்வரை ஏறும். அது என்ன, யார் பேசியது, எதற்காக என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மற்றக் குழந்தைகள் மிட்டாய் பொறுக்குவதுபோல அவள் நல்ல மணிகளைப் பொறுக்கினாள். ஒரு மாலை மோட்டார்காரர் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மகள் முகமெல்லாம் சிரிப்பாக அம்மாவிடம் ஓடிவந்தாள். சட்டைக் கைமுனையில் ஒரு ஓட்டையைக் கடித்துப் பெரிதாக்கி விரல்களை வெளியே எடுத்திருந்தாள். அம்மாவின் உள்ளங்கையை விரித்து, பட்டாணி அளவு மணி ஒன்றை அதில் வைத்தாள். மைக்கம்மா கையை இழுத்துக்கொள்வதற்குள் தன் கையை அதன்மேல் வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். வீடு அதிர அந்தக் குரல் எழுந்தது. ‘நீ எனக்கு பொறக்காமலே இருந்திருக்கலாம்டி!’ மகளுக்கு உடம்பு சிலிர்த்தது. நல்லா இருக்கா, இருக்கறதுலயே இதுதான் நல்லது, உனக்காக எடுத்துவெச்சேன் என்று கேட்கிற முகத்தோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வாசலில் தண்ணீர்க் குவளையோடு நின்ற மோட்டார்காரர் காதிலும் அது விழுந்தது. அடுத்த வாரம் அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு, வேறு ஊரில் இருந்த, கையால் பேசுகிற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மைக்கம்மா தடுக்கவில்லை. தடுக்கிற வாய் அவளுக்கு இல்லை.

மகள் ஏறிய வண்டிக்கும் அவள்தான் அறிவிப்புச் செய்ய வேண்டியிருந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வண்டி இப்போது புறப்படுகிறது என்று வழக்கம்போலத் தெளிவாகச் சொன்னாள். ஊரே கேட்டது. ஆனால் மைக் மேசைமேல் டொக்கென்று ஒரு மணி விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த நேரக் காப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, கோப்பில் குனிந்துகொண்டார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவிடம் கையால் ஏதோ பேசிக்கொண்டே போனாள். அண்ணாந்து கண்ணாடி அறையைப் பார்க்கவில்லை.

பிறகு வீட்டில் தரை சுத்தமாக இருந்தது. பெருக்க ஒன்றுமில்லை. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் மகள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள், கை இன்னும் வேகமாகியிருந்தது. அப்பாவுக்கே பாதி புரியாமல், மெதுவாச் சொல்லு என்று கெஞ்சுவார். அவள் படித்தாள், மூக்குக் கண்ணாடிச் சட்டம் செய்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள், அவளைப் போலவே காது கேட்காத ஒரு தச்சரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தில் விருந்தாளிகள் பாதிப்பேர் கையால் கலகலத்தார்கள். மைக்கம்மா வரவேற்பில் நின்று வாயால் வாங்க வாங்க என்று சொல்லி, அவர்கள் காலடியெல்லாம் மணிகளைக் கொட்டினாள். அவர்கள் வழுக்கிவிடாமல் பார்த்து மிதித்து உள்ளே போனார்கள்.

மோட்டார்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவமனையில் தொண்டையில் துளைபோட்டு ஒரு குழாயை வைத்ததும் குரல் போய்விட்டது. மற்ற நோயாளிகள் அந்த நிலையில் சிலேட்டைத் தேடுவார்கள், கண்ணால் கெஞ்சுவார்கள். அவர் சாதாரணமாகக் கையைத் தூக்கிப் பேசத் தொடங்கினார். மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பதில் பேசினாள். பழைய பட்டறைக் கதைகள் போலிருக்கிறது, குழாய்க்குள் மூச்சு சீற அவர் சிரித்தார். பின்பு சிரிப்பு நின்று நெடுநேரம் நிதானமாக ஏதோ சொன்னார். மகள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் வாய் பேசத் தெரிந்தவள் ஒருத்திதான், ஒன்றும் விளங்காமல் நின்றவளும் அவள்தான். மைக்கம்மா மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். “என்ன சொல்றாரு? அப்பா என்ன சொல்றாரு?” என்று கேட்டாள். கேள்வி தரையில் விழுந்து உருண்டது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. உள்ளங்கையை விரித்து ஒரு தடவை ஆட்டினாள். ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். அதில் கோபம் இல்லை, பழிவாங்கல் இல்லை. அம்மாவிடமிருந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே சைகை அது, நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மோட்டார்காரர் இறந்துபோனார். அந்த அப்புறமும் வரவில்லை.

நிலையத்தின் கடிகாரத்துக்கு அடியில் ஞாயிறுதோறும் காது கேட்காதவர்கள் கூடி நின்று பேசுவது பல வருஷப் பழக்கம். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். மைக்கம்மா அத்தனை வருஷமும் அவர்களை வண்டிக்குக் காத்திருக்கும் பயணிகள் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது வேலை முடிந்ததும் இறங்கிப்போய் அவர்கள் நடுவில் நின்றாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் விரல் வளையுமா? வளைத்தாள். மாவு பிசைகிறவள் மாதிரி பேசுகிறாய் என்று அவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப்பெயர் உண்டு. இவளுக்கு, வாய் திறந்து திறந்து மூடுவதையே பெயராக வைத்தார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகினாள். பசி, வலி, வா, போ, மழை, வண்டி லேட்டு, இவ்வளவும் வந்துவிட்டது. அதற்கு மேலே வர மறுத்தது. மாதக் கூட்டத்திலிருந்து ஆள்விட்டு, புதிதாக வந்திருக்கிற பெற்றோருக்குத் தைரியம் சொல்லக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

மகளுக்குப் பையன் பிறந்தான். காது நன்றாகக் கேட்கிற பையன். மைக்கம்மா ஒத்தாசைக்குப் போனாள். அந்த வீட்டில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது, புருஷனும் பெண்டாட்டியும் கையால் பேசினார்கள், எதுவும் விழவில்லை. வாசலிலேயே மகள், “என் வீட்ல கைதான். குழந்தைகிட்டயும் கைதான். உன் வாய வெளிய வெச்சுட்டு வா” என்று கையால் சொன்னாள். மெதுவாக, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, இரண்டு தடவை சொன்னாள். மைக்கம்மா தலையாட்டினாள். உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடமாடினாள். தைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒருநாள் காலை, மகள் குளிக்கப் போனபோது, தொட்டிலில் கிடந்த பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளால் முடியவில்லை. குனிந்து வாய்விட்டுப் பேசினாள், என்னென்னவோ பேசினாள். பையன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, காலை உதைத்து, ‘ஊ’ என்று பதில் சொன்னான். அவள் வழக்கம்போல விளக்குமாற்றைத் தேடித் திரும்பினாள். தரையில் ஒன்றும் இல்லை. தொட்டிலுக்கு அடியில் பார்த்தாள், துணியை உதறிப் பார்த்தாள். ஒரு பொட்டுகூட விழவில்லை, அத்தனையும் போய்ச் சேர்ந்திருந்தது. மைக்கம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருத்துவமனை மாடிப்படியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

மகள் ஈரத்தலையோடு வாசற்படியில் நின்று அம்மாவின் வாய் அசைந்ததைப் பார்த்திருந்தாள். திட்டப் போகிறாள் என்று மைக்கம்மா நினைத்தாள். மகள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்தாள். தொட்டிலைச் சுற்றி, சுவரோரம், கதவு இடுக்கு என்று உள்ளங்கையால் தடவித் தடவித் தேடினாள். சின்ன வயதில் அம்மா பேசியதெல்லாம் அவளுக்கு அங்கேதான் கிடைத்தது. இப்போது கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நிமிர்ந்து, “அவன்கிட்ட என்ன சொன்ன? எனக்கும் சொல்லு” என்று கேட்டாள். மைக்கம்மாவின் வலது கை தன்னால் எழுந்து விரியப் போனது. அதை இடது கையால் பிடித்து இறக்கினாள். சொன்னது இவ்வளவுதான், பையனுக்கு அவன் அம்மாவின் மூக்கு, அவன் அம்மாவுக்கு என்னுடைய மூக்கு. வாயால் சொல்ல ஒரு மூச்சு ஆகாது. கையால் சொல்ல அவளுக்கு வியர்த்துவிட்டது. இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லி அழித்து, பையன் மூக்கைத் தொட்டு, மகள் மூக்கைத் தொட்டு, தன் மூக்கைத் தொட்டு ஒருவழியாக முடித்தாள். திக்குவாய்க்காரர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதுபோல் மகள் குறுக்கிடாமல் கடைசிவரை பார்த்தாள்.

“இதானா?” என்றாள் மகள் கையால். “எனக்கு உன் மூக்குன்னு அப்பா எப்பவோ சொல்லிட்டாரு.”

மைக்கம்மா வாய்விட்டு, “சரிம்மா” என்றாள். அது தரையில் விழுந்தது. மகள் அதை ஒரு விரலால் ஒற்றி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பையனுக்குத் துணி மாற்ற உட்கார்ந்தாள்.